தாளம் தப்பியவன்

ஜூன் 2, ஞாயிறு

கோமதிக்குப் பதவி உயர்வு. ஜூலை முதல் தேதி ஓசூர் மின்வாரிய அலுவலகத்தில் சேர வேண்டும். சொல்லிவிட்டு அவள் வயலின் பெட்டியின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து வாசிக்கத் தொடங்கி ஒன்பது வருடம். நான் கிதார். என் மனைவி ஹெப்சி பாடுவாள். கோமதி வயலின். செய்யது கஹோன், அதாவது மேலே உட்கார்ந்துகொண்டு கையால் தட்டுகிற மரப்பெட்டி. நானும் அவனும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. இப்போது அவனுக்கு மார்க்கெட் பக்கம் கண் பரிசோதனையும் கண்ணாடிக் கடையும். கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டு விழா, நண்பர்கள் வீட்டு மாடி என்று பாளையங்கோட்டையைச் சுற்றி எங்கெங்கோ வாசித்திருக்கிறோம். குழுவுக்குப் பெயர் வைக்கவில்லை. அழைப்பிதழில் "எட்வின் குழு" என்று அவர்களே போட்டுக்கொள்வார்கள். நான் தடுத்ததில்லை.

ஒரு பாட்டைக்கூட ஒழுங்காகப் பதிவு செய்து வைக்கவில்லை. போனில் எடுத்த துண்டுகள்தான், பாதியில் குழந்தை அழுகிற சத்தத்தோடு.

"மூணு பாட்டாவது எடுத்துருவோம்ல. அவ போயிட்டா அப்புறம் எங்க?" என்றான் செய்யது.

எங்கள் வீட்டு மாடி அறையிலேயே எடுப்பது என்று முடிவு. பொறுப்பு என்னுடையது.

ஜூன் 4, செவ்வாய்

இரண்டு மைக்கும், அவற்றைக் கணினியோடு இணைக்கும் சின்னப் பெட்டியும் வந்துவிட்டன. நான் வேலை பார்க்கும் பெயின்ட் டெப்போவில் லோடு இறங்க வேண்டிய நாள். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காலி அறையின் நடுவில் நின்று கைதட்டினேன். சுவர் திருப்பித் தட்டியது. மெத்தையைத் தூக்கி ஒரு சுவரில் சாய்த்து, எதிர்ச்சுவரில் கயிறு கட்டி ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டு, துணி அலமாரியின் கதவுகளைத் திறந்து வைத்தேன். மறுபடி தட்டியபோது சத்தம் தட்டிய இடத்திலேயே செத்தது. முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று டெப்போவில் ஒருவர் சொன்னார். ஒட்டிப் பார்த்தேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. அறை மட்டும் கோழிப்பண்ணை மாதிரி ஆனது.

மின்விசிறியை நிறுத்த வேண்டும். கீழே ஃபிரிட்ஜின் முனகல்கூட மைக்கில் விழுகிறது. அதையும் நிறுத்தினேன். திரும்பப் போட மறந்ததில் பால் திரிந்துவிட்டது. ஹெப்சி அதை அடுப்பில் வைத்துச் சர்க்கரை போட்டுக் கிண்டிக் கொடுத்தாள்.

ஜூன் 6, வியாழன்

கிதாரின் ஓட்டைக்கு நேரே மைக்கை வைத்தால் பானைக்குள் பேசுவது போல இருக்கிறது. கழுத்து உடம்போடு சேரும் இடத்துக்கு நேரே, ஒரு சாண் தள்ளி வைத்தபோது தந்தி தந்தியாகக் கேட்டது. திரையில் சத்தத்தின் அளவு சிவப்பைத் தொடவே கூடாது. தொட்டால் கிழிந்துவிடும், பிறகு தைக்க முடியாது.

எல்லாரும் ஒரே வேகத்தில் வாசிப்பதற்காக 'டிக் டிக்' என்று ஒரு சத்தத்தைக் காதில் ஓடவிடுவார்கள். க்ளிக் என்று பெயர். முயன்று பார்த்தேன். பிடிக்கவில்லை. பாட்டின் உயிர் போய்விடுகிறது. ஸ்பீக்கரில் வைத்து இன்னொரு தடவை முயன்றபோது, துணி மடிக்க வந்த ஹெப்சி கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

"அத்தான், அது பின்னால போவுதா, நீங்க முன்னால போறீங்களா?"

கணினி பழசு, அதனால் சத்தம் தாமதமாக வருகிறது என்றேன். க்ளிக்கை அணைத்துவிட்டு, "ஆத்துக்கு அக்கரை" பாட்டுக்கு என் கிதாரை ஒரே மூச்சில் பதிவு செய்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

வீணான நாள்.

காலையிலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள். "நாலு பேரும் ஒண்ணா உக்காந்து வாசிச்சா என்னண்ணே? எப்பவும் அப்படித்தானே வாசிக்கோம்?" என்று கோமதி கேட்டாள். ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் விழும், பிறகு தப்பைத் திருத்த முடியாது, தனித்தனியாக எடுப்பதுதான் முறை என்று விளக்கினேன். முதலில் என் கிதார், அதைக் காதில் கேட்டுக்கொண்டே செய்யது, பிறகு வயலின், கடைசியில் குரல்.

செய்யது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்தான். முதல் சரணம் வரை சரி. இரண்டாவதில் தடுமாறினான். திரும்ப எடுத்தோம், அதே இடம். இன்னொரு தடவை, அதே இடம். வியர்வை அவன் தாடியில் சொட்டியது. மின்விசிறியும் போட முடியாது.

"மேடையில இப்படி ஆனதில்லையே மாப்ள. உன் தோளைப் பார்த்துக்கிட்டே வாசிப்பேன். இதுல உன்னைப் பாக்க முடியல்லா, அதான் போல" என்றான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. மெத்தை, ரஜாய், ஒரு வார உழைப்பு. "ஒன்பது வருஷமா உன்னை இழுத்துக்கிட்டுத்தாம்ல நான் வாசிக்கேன். இப்பத்தான் வெளிச்சத்துக்கு வருது" என்று சொல்லிவிட்டேன்.

கோமதி வில்லுக்கு ரோசின் கட்டியைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே தேய்த்துத்தான் வைத்திருந்தாள்.

செய்யது சிரித்தான். "சரில. அந்தக் கிதாரை எனக்குப் போன்ல அனுப்பு. கடையில வச்சுப் பழகிட்டு வாரேன்."

அனுப்பினேன்.

ஜூன் 11, செவ்வாய்

செய்யது இரண்டு தடவை போன் செய்தான். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் பழகுகிறானாம். "ரெண்டாவது சரணத்துல ஒரு நெளிவு இருக்குல. அதைப் பிடிச்சுட்டேன்னு நினைக்கேன்." நல்லது என்றேன்.

ஜூன் 12, புதன்

அவன் எங்கே தப்புகிறான் என்று அவனுக்கே காட்டலாம் என்று, ஞாயிற்றுக்கிழமைப் பதிவைத் திரையில் விரித்தேன். பாட்டு தொடங்கும் வேகத்துக்குச் சரியாகச் செங்குத்துக் கோடுகள் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு தட்டும் கோட்டில் விழுகிறதா விலகுகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். மேல் வரிசையில் கிதார், கீழ் வரிசையில் கஹோன்.

பார்த்தேன்.

தலை வலிக்கிறது. சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 13, வியாழன்

கிதாரை மறுபடி பதிவு செய்வது நல்லது. தந்திகள் பழையவை, ஒலி மங்கியிருக்கிறது. புதுத் தந்தி மாட்டினேன்.

க்ளிக்கோடுதான் செய்யப் போகிறேன். அதற்குப் பழகிக்கொள்வதும் நல்லதுதானே.

ஜூன் 15, சனி

மூன்று நாளும் மாலை முழுக்க இதே வேலை. முழுப் பாட்டாக வாசித்தால் சரிவரவில்லை. நாலு நாலு அடியாக வாசித்து, நன்றாக வந்த துண்டுகளை வெட்டி ஒட்டினேன். இரண்டாவது சரணம் துண்டாகக்கூட வரவில்லை. குரல் மேலே ஏறும் இடத்தில் கை தானாக ஓடுகிறது. அங்கே ஒவ்வொரு மீட்டலாகப் பிடித்துக் கோட்டுக்கு நகர்த்தி வைத்தேன். கேட்டால் தெரியாது. உலகத்தில் எல்லாரும் செய்கிறதுதான்.

கீழே இறங்கியபோது ஹெப்சி தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுதா?" என்றாள். முடிந்தது என்றேன். ஏதோ கேட்க வந்தவள் போல நின்றாள். பிறகு, "சட்னி காரமா இருக்கும், பரவாயில்லையா?" என்றாள்.

ஜூன் 16, ஞாயிறு

எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

செய்யது உற்சாகமாக வந்தான். "இன்னைக்குப் பாருல" என்று பெட்டியில் உட்கார்ந்து விரல்களை நெட்டி முறித்தான். ஒரு வாரம் பழகியிருக்கிறான். நான் அனுப்பிய பழைய கிதாரோடு பழகியிருக்கிறான். நான் அவன் காதில் ஓடவிட்டது புதிய கிதார்.

மாற்றியதை அவனிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது சரணம் வந்தது. பழைய கிதார் எங்கே ஓடியதோ அங்கே அவனும் ஓடினான். அச்சு மாறாமல், அதே நெளிவோடு. என் தப்பை அவன் மனப்பாடம் செய்திருந்தான். காதில் புதிய கிதார் ஓடாமல் நின்றது. அவன் கை குழம்பி நின்றுவிட்டது.

மூன்று தடவை. நான்காவது தடவை அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். அதுவும் தப்பியது.

ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "என் காதுலதாம்ல ஏதோ கோளாறு. வீட்ல சரியா வந்துச்சு. சத்தியமா வந்துச்சு." கோமதியைப் பார்த்து, ஹெப்சியைப் பார்த்து, "மன்னிச்சுருங்க" என்றான். "உங்க நாளும் வீணாப் போவுது. கோமதி போறதுக்குள்ள முடியணும்லா. என்னை விட்டுட்டு எடுங்க. கம்ப்யூட்டர்லயே தாளம் இருக்குமாமே மாப்ள?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப அதைப் போட்டுக்கோ."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் படியிறங்கினான். திருப்பத்தில் பெட்டி சுவரில் இடித்தது. பிடித்துவிடக்கூட நான் எழுந்திருக்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். செய்யது வருடா வருடம் தானே பிரியாணி கொண்டுவருவான். இந்த வருடம் வரமாட்டான் என்று நினைத்தேன். மதியம் அவன் வண்டிச் சத்தம் கேட்டது.

நான் மாடியில் இருந்தேன். இறங்கவில்லை.

"எங்க அவன்?" என்று கீழே கேட்டது. ஹெப்சி, "மேல வேலையா இருக்காங்கண்ணே, கூப்பிடட்டா?" என்றாள். "வேண்டாம் தங்கச்சி, வேலை நடக்கட்டும். சூடா இருக்கும்போதே சாப்பிடச் சொல்லு."

சாப்பிட்டேன். இரண்டு தடவை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 19, புதன்

கோமதி அலுவலகம் முடிந்து வந்து வயலினை வாசித்துக் கொடுத்தாள். ஹெப்சியும் பாடிவிட்டாள். கம்ப்யூட்டர் தாளத்தோடு சேர்த்துப் பாட்டை முழுதாக ஓடவிட்டேன். கோணலே இல்லை, இஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது.

கோமதி தலையாட்டிக் கேட்டாள். "சுத்தமா இருக்குண்ணே. ரெண்டாவது சரணத்துல எப்பவும் ஒரு தள்ளாட்டம் இருக்கும்லா, அது இல்ல. அப்ப இவ்வளவு நாளும் செய்யதண்ணனாலதான் இருந்திருக்கு, என்ன?"

ஹெப்சி என்னைப் பார்த்தாள்.

"ஆமா போல" என்றேன்.

வாட்ஸப் குழுவில் போட்டேன். செய்யதிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் கடை வாசலில் வண்டிகளின் ஹாரன். "மாப்ள, அருமையா வந்திருக்குல. நெசமாச் சொல்லுதேன். நான் இல்லாம எவ்வளவு நல்லா இருக்கு."

ஜூன் 20, வியாழன்

காற்று. ஜன்னல் தடதடக்கிறது. அடுத்த பாட்டைத் தொடங்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

வேலையிலிருந்து வந்ததும் ஹெப்சி சொன்னாள். செய்யதின் மனைவி ரஹ்மத்தைக் காய்கறிக் கடையில் பார்த்தாளாம். செய்யது காது டாக்டரிடம் போயிருக்கிறான். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்லும் பரிசோதனை. ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இவன் நம்பவில்லை. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறானாம். அவன் அக்கா மகள் கல்யாணத்தில் வாசிக்கவும் மாட்டேன் என்றுவிட்டான்.

நான் சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள் ஹெப்சி.

"என்னத்தை?"

"கீழ சமையக்கட்டுல நிக்கேன், எனக்குக் கேக்காதா? ஒரே இடத்தையே மூணு நாளா வாசிச்சீங்க. உங்களுக்கு வரல. அந்த அண்ணனுக்கு வராமப் போறதுக்கு முன்னாலயே உங்களுக்கு வரல." அவள் சத்தம் போடவில்லை. "பதினாறாந்தேதி நானும் அங்கதான் இருந்தேன். எல்லார் முன்னாலயும் உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதை நினைச்சா எனக்கே என்னைப் பாக்கப் பிடிக்கல."

என் தப்புக்கு அவளும் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. இதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

பன்னிரண்டாம் தேதி திரையில் பார்த்ததை இன்று எழுதுகிறேன். தடுமாறும் வரை செய்யதின் தட்டுகள் கோட்டின் மேல் இருந்தன. விலகிப் போனவை என் தந்திகள். அவன் தடுமாறிய ஒவ்வொரு இடத்திலும், முன்னால் ஓடிவிட்ட என்னைப் பிடிக்க அவன் ஓடிவந்திருக்கிறான்.

ஜூன் 22, சனி

கணினியை எடுத்துக்கொண்டு மதியம் அவன் கடைக்குப் போனேன். ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டி லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "வால, உக்காரு" என்று முகமெல்லாம் சிரித்தான். பெரியவர் போனதும் டீ சொல்லப் போனவனைத் தடுத்தேன்.

முதலில் பழைய கிதாரை க்ளிக்கோடு சேர்த்துப் போட்டுக் காட்டினேன். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகப் போயின. இரண்டாவது சரணத்தில் கிதார் கழன்று ஓடியது. பிறகு அவனுடைய தட்டை மட்டும் க்ளிக்கோடு போட்டேன். பிறகு புதிய கிதாரை.

கண் பரிசோதிக்கிறவன், உற்றுப் பார்த்துப் பழகியவன். ஹெட்ஃபோனைக் கழற்றாமலே திரையை வெகு நேரம் பார்த்தான்.

"இது எப்ப வாசிச்சே?"

"பதிமூணு, பதினாலு, பதினஞ்சு."

"பதினாறாந்தேதி நான் வரும்போது இதைத்தான் போட்டியா?"

"ஆமா."

"நான் பழகினது அது. நீ போட்டது இது."

"ஆமா."

"நான் அங்க உக்காந்து, என் காதுல கோளாறுன்னு சொல்லும்போது, உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தங்கச்சி முன்னால, அந்தப் பிள்ளை முன்னால நான் மன்னிப்புக் கேக்கும்போது."

"தெரியும்ல."

என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவன் லென்ஸ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான்.

"கிதார் ஓடினா என்னல? யாருக்கும் ஓடும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன். அந்த டாக்டர் ரூம்ல உக்காந்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் விரலைத் தூக்கிட்டு, இது நெசமாக் கேக்குதா, நானா நினைக்கேனான்னு பயந்துட்டு இருந்தேன் தெரியுமா?"

நான் மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"சாப்பிடப் போவணும். கடையைப் பூட்டணும். நீ போ."

ஜூன் 23, ஞாயிறு

கோமதியை வரச்சொல்லி, ஹெப்சியையும் உட்காரவைத்து, அதே வரிசையில் எல்லாவற்றையும் போட்டுக் காட்டினேன். நேற்று செய்யதிடம் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது. ஏனென்று தெரியவில்லை. கோமதி என்னைவிட வயதில் சின்னவள், நான் சொல்வதைக் கேட்டே பழகியவள் என்பதாலா?

"செய்யதண்ணனாலதான்னு நான் சொன்னேனே" என்றாள். "நீங்க ஆமா போலன்னீங்க."

"ஆமா."

"என்னையும் சொல்ல வச்சிட்டீங்களேண்ணே."

வாட்ஸப் குழுவில் நடந்ததை எழுதினேன். இரண்டு தடவை சுற்றி வளைத்து எழுதி அழித்தேன். கடைசியில்: "தாளம் தப்பியது நான். செய்யது இல்லை. தெரிந்தும் மறைத்தேன். எட்வின்." நான்கு பேர் மட்டும் இருக்கும் குழு அது. அனுப்பினேன். புதன்கிழமை போட்ட பாட்டையும் அழித்தேன்.

ஜூன் 26, புதன்

செய்யது பார்த்துவிட்டான் என்று நீலக் குறி காட்டுகிறது. பதில் இல்லை. டெப்போவில் வெள்ளைப் பெயின்டுக்குப் பதில் தந்த நிறப் பெயின்டை அனுப்பிவிட்டேன். திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று.

ஜூன் 29, சனி

காலையில் மாடியைக் காலி செய்துகொண்டிருந்தேன். மெத்தையை இறக்கும்போது வாசலில் கோமதியின் குரல். பின்னால் செய்யது, தோளில் பெட்டியோடு.

"கோமதி கேட்டா, அதுக்காக வந்திருக்கேன்" என்றான். என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

தனித்தனியாக வேண்டாம், நாலு பேரும் சேர்ந்தே வாசிப்போம் என்றாள் கோமதி. இரண்டே மைக். ஒன்றை ஹெப்சியின் வாய்க்கு ஒரு முழம் தள்ளி வைத்தேன். இன்னொன்றை எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில். சத்தம் குறைந்த வாத்தியம் மைக்குக்குப் பக்கத்தில், கூடியது தூரத்தில். கிதார் கிட்டே, வயலின் கொஞ்சம் பின்னால், கஹோன் பாய்மேல் சுவரோரம். ஒவ்வொரு தடவையும் கேட்டுப் பார்த்து இடத்தைத்தான் மாற்றினோம். செய்யது எனக்கு நேர் எதிரே வந்தான்.

எப்போதும் எண்ணித் தொடங்குவது நான். வாயைத் திறப்பதற்குள் செய்யது எண்ணினான். அவன் தொடங்கினான், நான் சேர்ந்துகொண்டேன்.

இரண்டாவது சரணத்தில் கையை நிறுத்தினான். "நில்லு. முன்னால ஓடுத."

ஹெப்சி பாடுவதை நிறுத்தினாள். வயலின் நின்றது. என் காது மடல்கள் சுட்டன. இந்தச் சொல்லை இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானே எத்தனையோ தடவை அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

மறுபடி எண்ணினான். மறுபடி அதே இடம். "ஓடுத."

கோமதி கைக்குட்டையால் மோவாயைத் துடைத்துக்கொண்டாள். யாரும் மின்விசிறியைக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. அவன் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. லென்ஸ் மாற்றிக்கொண்டே "இது தெரியுதா, இது?" என்று கேட்பானே, அந்தக் குரல். நான் அவன் கையை மட்டும் பார்த்தேன். அந்தக் கை விழும்வரை என் கையைப் பிடித்துவைப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. ஒன்பது வருடமாக அவன் என் தோளைப் பார்த்துச் செய்தது இதைத்தான். அவன் செய்தான் என்பதே எனக்குத் தெரியாமல் செய்திருக்கிறான்.

கடைசித் தடவை அவன் நிறுத்தவில்லை. சரணம் முடிந்தது, பாட்டும் முடிந்தது. ஒலி அடங்கும்வரை யாரும் அசையவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ போனது பதிவில் விழுந்திருக்கிறது. ஹெப்சி ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டாள்.

செய்யது ஹெட்ஃபோனில் முழுதும் கேட்டான். "இது இருக்கட்டும் தங்கச்சி" என்றான் ஹெப்சியிடம்.

மற்ற இரண்டு பாட்டுகளுக்கு நேரமில்லை.

ஜூன் 30, ஞாயிறு

மாலை ரயிலில் கோமதி போனாள். வயலினை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பாட்டைப் போனில் ஏற்றிக்கொண்டேன், போகிற வழியெல்லாம் கேட்பேன் என்றாள். ஹெப்சி அழுதாள். நானும் செய்யதும் பெட்டிகளை ஏற்றிவைத்தோம், ஒரே பெட்டியின் இரண்டு கைப்பிடிகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து.

ரயில் போன பிறகு ஹெப்சி முகம் கழுவப் போனாள். வண்டிகள் நிறுத்தும் இடம் வரை நானும் அவனும் நடந்தோம்.

"அடுத்த ஞாயிறு வாரியா? மூணு பேரா ஏதாவது..." என்றேன்.

அவன் சாவியைப் போட்டான். ஹெல்மெட்டை மாட்டி வாரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"கூப்பிடாத மாப்ள. வரணும்னு தோணினா நானே வருவேன்."

"சரி" என்றேன்.

அவன் போய்விட்டான். மாப்ள என்றுதான் சொன்னான். அதை வைத்துக்கொண்டு எதையும் எண்ணிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஹெப்சி வந்து, "வண்டியை எடுக்கலையா?" என்றாள். எங்கே நிறுத்தினேன் என்று எனக்கு வெகு நேரம் நினைவுக்கு வரவில்லை.